எண்ணெய் விட்ட கைகள்: நீராவி எஞ்சினின் எழுதப்படாத வரலாறு

தையல் மெசினுக்குத் தேங்காயெண்ணெய் விடக்கூடாது எண்டது எங்கட வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த விசயம். தெரியாமல் ஒருக்கா விட்டவர்களுக்கு இன்னும் நல்லாத் தெரியும். முதல் இரண்டு நாள் மெசின் வழுக்கிக்கொண்டு ஓடும். பிறகு தூசியும் நூல் துகளும் எண்ணெயோடு சேர்ந்து பசையாகிவிடும். மலைநாட்டுப் பக்கம் என்றால் மார்கழிக் குளிரில் எண்ணெயே உறைந்துபோகும். மிதித்தால் கால்தான் நோகும், சில்லு அசையாது. "அதுக்கெண்டு ஒரு எண்ணெய் இருக்கு, அதைத்தான் விடவேணும்" என்று அம்மாமார் சொல்லுவார்கள். ஏன் அந்த எண்ணெய், ஏன் இது இல்லை எண்டு கேட்டால் பதில் வராது. கைக்குத் தெரியும், வாய்க்குச் சொல்லத் தெரியாது.

இதே கேள்வியைத்தான் இந்தக் கட்டுரையில் ஒரு பெரிய இயந்திரத்திடம் கேட்கப் போகிறேன். கைத்தொழிற் புரட்சி என்றால் பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் நிலக்கரி வரும், இரும்பு வரும், ஜேம்ஸ் வாட்டும் ஜோர்ஜ் ஸ்டீவன்சனும் வருவார்கள். அந்த எஞ்சின்களுக்கு என்ன எண்ணெய் விட்டார்கள், அதை எப்படித் தெரிவுசெய்தார்கள், யார் விட்டார்கள் என்று ஒரு வரியும் இருக்காது. ஆனால் எண்ணெய் விடாமல் எந்த நீராவி எஞ்சினும் நெடுநேரம் ஓடியதில்லை.

203 கிலோமீற்றர் வேகமும் சோம்பு மணமும்

1938 யூலை 3. இங்கிலாந்தின் ஸ்டோக் சரிவில் 'மல்லார்ட்' என்ற நீராவி எஞ்சின் மணிக்கு ஏறக்குறைய 203 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டது. நீராவி எஞ்சின்களுக்கான அந்த உலக சாதனை இன்றுவரை அப்படியே இருக்கிறது. மிச்சக் கதை பலருக்குத் தெரியாது. அந்த ஓட்டத்திலேயே நடுச் சிலிண்டரோடு இணைந்த பெரிய பேரிங் சூடேறி, அதன் உட்பூச்சு உலோகம் உருகிவிட்டது. மல்லார்டால் லண்டன் வரை போக முடியவில்லை. பீற்றர்பரோவில் அதைக் கழற்றிவிட்டு வேறு எஞ்சின் பூட்டினார்கள்.

அந்தப் பேரிங் சில்லுகளுக்கு நடுவே, றைவரின் கண்ணுக்குப் படாத இடத்தில் இருந்தது. அதனால் அதற்குள் சோம்பு மணமுள்ள திரவக் குப்பி ஒன்றை வைத்திருந்தார்கள். சூடு அளவுக்கு மிஞ்சினால் குப்பி உடைந்து மணம் பரவும். உலகத்தின் வேகமான நீராவி எஞ்சினுக்கு இருந்த அபாய மணி ஒரு பலகார வாசம்தான்.

பேரிங் என்றதும் எங்களுக்கு சைக்கிள் கடைக் குண்டுகள்தான் ஞாபகம் வரும். நீராவிக் காலத்துப் பெரிய பேரிங்குகளில் குண்டுகள் இல்லை. சுழலும் உருக்கு அச்சை, பித்தளையால் அல்லது வெண்கலத்தால் செய்த ஒரு வளைந்த கவசம் அணைத்துக்கொண்டிருக்கும். கவசத்தின் உட்புறத்தில் வெள்ளீயம், அந்திமனி, செப்பு கலந்த மெதுவான உலோகத்தைப் பூசுவார்கள். 1839 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஐசாக் பாபிற்றின் பெயரால் அதை இன்றும் பாபிற் என்று சொல்கிறார்கள். மெதுவான உலோகம் என்பதால் மண் துகள் விழுந்தால் தனக்குள் புதைத்துக்கொள்ளும், அச்சைக் கீற விடாது. ஆனால் சூடு மிஞ்சினால் மெழுகு மாதிரி வழிந்துவிடும். அது வழியாமல் காப்பது நடுவில் இருக்கும் எண்ணெய் மட்டும்தான். மயிரிழையை விட மெல்லிய ஒரு படலம்.

அந்தப் படலத்துக்கு எண்ணெய் ஊட்டிய முறை எங்களுக்குப் புதிதில்லை. பேரிங்குக்கு மேலே ஒரு சின்னக் கிண்ணம். அதில் கம்பளி நூல் திரி. குத்துவிளக்கில் திரி எண்ணெயை இழுக்கும் அதே விதமாக, இந்தத் திரியும் எண்ணெயை இழுத்துத் துளித்துளியாய்க் கீழே விடும். எஞ்சின் நிற்கும்போது திரியைக் கழற்றிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் சும்மா ஒழுகிப்போகும். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் ஒருவர் எண்ணெய்க் குவளையோடு எஞ்சினைச் சுற்றி வருவார், அடியில் புகுவார், ஒவ்வொரு கிண்ணத்தையும் நிரப்புவார். வழியில் நிற்கும் இடங்களில் புறங்கையால் பேரிங்கைத் தொட்டுப் பார்ப்பார். கை வைக்கக்கூடிய சூடு என்றால் பயமில்லை. கையை இழுக்கவைத்தால் பிரச்சினை.

கொழுப்பில் ஓடிய புரட்சி

அந்தக் குவளைக்குள் என்ன இருந்தது? இண்டைக்கு ஒயில் என்றால் நிலத்தடி எண்ணெய்தான். ஆனால் நீராவி எஞ்சின் பிறந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது விலங்குகளையும் விதைகளையும் நம்பித்தான் ஓடியது. 1769 இல் ஜேம்ஸ் வாட் எடுத்த காப்புரிமையிலேயே இது இருக்கிறது. அவருக்கு முந்திய நியூகொமன் எஞ்சினில் பிஸ்டனின் மேல் தண்ணீர் விட்டு இடைவெளியை அடைத்தார்கள். தண்ணீர் சிலிண்டரைக் குளிராக்கும். அதனால் வாட் எண்ணெய், மெழுகு, விலங்குக் கொழுப்பு போன்றவற்றைத் தண்ணீருக்குப் பதிலாகக் குறிப்பிட்டார்.

அதிகம் பயன்பட்டது மாட்டுக் கொழுப்பு. மலிவு, எங்கும் கிடைக்கும். விரைவாகச் சுழலும் மெல்லிய அச்சுகளுக்கு எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெய்: குளிரிலும் தடிக்காது, பசையாகாது. ஆனால் விலை கூட. பாரமான பேரிங்குகளுக்கு ஒலிவ் எண்ணெய், கடுகு இனத்து ரேப் விதை எண்ணெய். ரெயில் பெட்டிகளின் அச்சுகளுக்கு மாட்டுக் கொழுப்பும் பாம் எண்ணெயும் சோடாவும் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சிய மஞ்சள் கிறீஸ். அதிலும் கோடைக்கு ஒரு கலவை, குளிருக்கு ஒரு கலவை. இந்தப் பட்டியலைக் கவனித்தால் ஒன்று விளங்கும். வேகம், பாரம், சூடு, விலை என்ற நாலையும் பார்த்துத்தான் அந்த ஆட்கள் எண்ணெயைத் தெரிவுசெய்திருக்கிறார்கள். சூத்திரம் ஒன்றும் கையில் இருக்கவில்லை.

அந்த எண்ணெய்கள் வந்த வழியையும் சொல்லாமல் விடக்கூடாது. திமிங்கில எண்ணெய்க்காக மாலுமிகள் வருடக்கணக்கில் கடலில் கிடந்தார்கள். பாம் எண்ணெய், எங்கட ஊரில் முள்ளுத்தேங்காய் எண்ணெய் எண்டு சொல்கிறார்களே அது, மேற்கு ஆபிரிக்காவின் நைஜர் கழிமுகத்திலிருந்து போனது. அங்கே அந்த வர்த்தகத்தைத் தன் கையில் வைத்திருந்த ஒபோபோவின் மன்னன் ஜாஜாவை 1887 இல் பிரித்தானிய அதிகாரிகள் பேச்சுவார்த்தைக்கு என்று கூப்பிட்டுப் பிடித்து நாடுகடத்தினார்கள். சவர்க்காரம், மெழுகுதிரியோடு பிரித்தானிய ரெயில் பெட்டிகளின் அச்சுக் கிறீஸும் அந்த வர்த்தகத்தில் ஒரு பங்கு.

கொழுப்புக்கு இன்னொரு பிரச்சினையும் இருந்தது. நீராவியின் அழுத்தமும் சூடும் கூடக்கூட, சிலிண்டருக்குள் விட்ட கொழுப்பு உடைந்து அமிலமாகியது. அந்த அமிலம் இரும்பையும் செப்புக் கலவைகளையும் அரித்தது. 1859 இல் பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டதும் சிலருடைய கண் அதில் விழுந்தது. 1866 இல் நியூயோர்க் மாநிலத்தில் ஜோன் எல்லிஸ் என்ற வைத்தியர் நீராவி எஞ்சின்களுக்கான கனிய எண்ணெயைத் தயாரிக்கத் தொடங்கினார். எஞ்சினின் வால்வை வைத்து அதற்கு வந்த பெயர்தான் வல்வொலின். அதே வருடம் அதே மாநிலத்தில் வக்கூம் ஒயில் கம்பனி தொடங்கியது. பிற்காலத்து மொபில் அதிலிருந்து வந்தது. இப்ப முச்சக்கரவண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கர்களில் பாதிக்கு நீராவி எஞ்சின்தான் பாட்டன்.

படித்த பொறியியலாளர், எண்ணெய் விடுகிற வேலை

எலைஜா மக்கோய் 1844 இல் கனடாவில் பிறந்தார். அவருடைய பெற்றோர் அமெரிக்காவின் கென்டக்கியில் அடிமைகளாக இருந்து தப்பி வந்தவர்கள். பதினைந்து வயதில் மகனை ஸ்கொட்லாந்தின் எடின்பரோவுக்கு அனுப்பி இயந்திரப் பொறியியல் பயில வைத்தார்கள். படிப்பை முடித்து அமெரிக்காவின் மிச்சிகனுக்கு வந்தவருக்குக் கறுப்பர் என்பதால் பொறியியலாளர் வேலை கிடைக்கவில்லை. மிச்சிகன் சென்ற்ரல் ரெயில்வேயில் நிலக்கரி அள்ளிப் போடும் வேலையும் எண்ணெய் விடும் வேலையும்தான் கிடைத்தன.

படித்த படிப்புக்கும் கிடைத்த வேலைக்கும் சம்பந்தமில்லாமல் இருப்பது என்னவென்று எங்கட தலைமுறைக்கு விளக்கத் தேவையில்லை. மக்கோயின் கதையில் வித்தியாசமானது, அந்த வேலைக்குள்ளேயே அவர் ஒரு கேள்வியைக் கண்டுபிடித்ததுதான். எண்ணெய் விட எஞ்சினை ஏன் அடிக்கடி நிறுத்தவேணும்? 1872 இல் அவர் காப்புரிமை பெற்ற கருவி, நீராவியின் அழுத்தத்தையே பயன்படுத்தி ஓட்டத்தின்போதே சிலிண்டருக்கு எண்ணெய் ஊட்டியது. வாழ்நாளில் 57 காப்புரிமைகள். பெரும்பாலானவை எண்ணெய் ஊட்டுவது பற்றியவை.

இந்த இடத்தில் இரண்டு விசயத்தை நேர்மையாகச் சொல்லவேண்டும். இப்படியான கருவியை முதலில் செய்தவர் மக்கோய் இல்லை. இங்கிலாந்தில் ஜோன் ராம்ஸ்பொட்டம் 1860 அளவிலேயே ஒன்றைச் செய்திருந்தார். மக்கோய் செய்தது அந்த வழியில் தொடர்ந்து வந்த திருத்தங்கள். இரண்டாவது, 'உண்மையான மக்கோய்' என்று ஆங்கிலத்தில் சொல்லும் வழக்கு இவருடைய கருவியின் தரத்தால் வந்தது எண்டு இணையத்தில் நிறையப் பேர் எழுதியிருக்கினம். அதையொத்த ஒரு வழக்கு ஸ்கொட்லாந்தில் 1850களிலேயே அச்சில் வந்துவிட்டது. மக்கோயைப் பெரிய ஆளாகக் காட்ட அந்தக் கதை தேவையில்லை. எண்ணெய் விடும் வேலையைக் கீழான வேலை என்று கொடுத்தார்கள். அவர் அதை யோசிக்க வேண்டிய வேலை என்று எடுத்துக்கொண்டார். அது போதும்.

தக்கை சொன்ன உண்மை

லண்டனில் இயந்திரப் பொறியியலாளர் நிறுவனம் உராய்வைப் பற்றி ஆராய ஒரு குழு வைத்தது. பரிசோதனைகளைச் செய்தவர் போஷாம்ப் டவர். நான்கு அங்குல விட்டமுள்ள ஒரு அச்சு, அதன் மேல் பாரம் ஏற்றிய பித்தளைக் கவசம், அச்சின் அடிப்பாகம் எண்ணெய்த் தொட்டிக்குள். ஒலிவ் எண்ணெய், பன்றிக்கொழுப்பு எண்ணெய், திமிங்கில எண்ணெய், ரேப் எண்ணெய், கனிய எண்ணெய் என்று ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார்.

வழமைப்படி கவசத்தின் உச்சியில் எண்ணெய் விட ஒரு துளை போட்டார். எல்லாரும் அங்கேதான் போடுவார்கள். பாரம் கூடின இடத்துக்குத்தானே எண்ணெய் தேவை? ஆனால் அச்சைச் சுழற்றியதும் எண்ணெய் துளைக்குள் இறங்குவதற்குப் பதிலாக மேலே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே வந்தது. மரக் கட்டையால் இறுக்கினார், அதுவும் மெல்ல மெல்ல மேலே தள்ளப்பட்டது. கடைசியில் அழுத்தமானி ஒன்றைப் பூட்டினார். சதுர அங்குலத்துக்கு 200 இறாத்தல் வரை காட்டும் அந்தக் கருவியின் முள் எல்லையைத் தாண்டியது. பேரிங்கில் இருந்த சராசரிப் பாரம் அதில் பாதி, 100 இறாத்தல்தான்.

பித்தளை அச்சில் உட்கார்ந்திருக்கவே இல்லை. அது எண்ணெயில் மிதந்துகொண்டிருந்தது. சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துக்கொண்டுபோய் அடியில் நெருக்க, அந்த எண்ணெய் முழுப் பாரத்தையும் தூக்கியது. அப்படியானால் உச்சியில் துளை போடுவது படலத்தில் ஓட்டை போடுவதுதான். பல தலைமுறையாகக் கை நம்பிவந்த ஒரு வழக்கம் பிழை என்பதை அந்தத் தக்கை காட்டியது.

டவரின் அறிக்கை 1883 இல் வந்தது. அதே வருடம் ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் நிக்கோலாய் பெத்ரோவ் இன்னொரு பக்கத்தால் வந்துசேர்ந்தார். விலங்கு, தாவர எண்ணெய்களுக்குப் பதிலாகக் கொக்கேசியக் கனிய எண்ணெய்களை ரெயில்களுக்கு விடலாமா என்பதே அவருடைய கேள்வி. ஓடும் பேரிங்கின் உராய்வைத் தீர்மானிப்பது எண்ணெயின் பாகுத்தன்மை, அதாவது அதன் தடிப்பு, என்று காட்டினார். 1886 இல் மான்செஸ்டரில் ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ், டவர் கண்டதைச் சமன்பாடாக எழுதினார். பேரிங் வடிவமைப்பவர்கள் இன்றும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இதன் பிறகு தெரிவு சுலபமாகியிருக்க வேண்டும். பாரம் கூட, வேகம் குறைவு என்றால் தடிப்பான எண்ணெய். பாரம் குறைவு, வேகம் கூட என்றால் மெல்லியது. மாடா, மரமா, மண்ணா என்று பார்க்கத் தேவையில்லை. தடிப்பை அளந்தால் போதும்.

கையும் பொய் சொல்லவில்லை

ஆனால் பழைய றைவர்களும் மெக்கானிக்குகளும் விடவில்லை. தடிப்பு ஒன்றாக இருந்தாலும் கனிய எண்ணெயில் 'எண்ணெய்த்தன்மை' குறைவு, அதோடு கொஞ்சம் ரேப் எண்ணெயோ கொழுப்போ கலந்தால்தான் பேரிங் சுகமாக ஓடும் என்றார்கள். படித்தவர்களுக்கு அது பழக்கதோசமாகத் தெரிந்திருக்கலாம்.

யோசித்துப் பாருங்கோ: எஞ்சின் நிற்கும்போது மிதக்கும் படலம் இல்லை. அச்சு கவசத்தில் உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் புறப்படும் முதல் சில சுற்றுகளில் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. அந்த நேரத்தில் எதற்குமே பாகுத்தன்மை உதவாது. 1922 இல் வில்லியம் ஹார்டியும் ஐடா டபிள்டே என்ற பெண் விஞ்ஞானியும் வெளியிட்ட ஆய்வு இந்த நிலையைப் பற்றியது. மூலக்கூறுகள் உலோகத்தில் ஒட்டி ஒரு தோல் மாதிரிப் படிகின்றன. கொழுப்பமிலங்கள் இந்த வேலையைக் கனிய எண்ணெயை விட நன்றாகச் செய்கின்றன. அதோடு ஈரம் படும் இடத்தில் கொழுப்புக் கலந்த எண்ணெய் கழுவுப்படாமல் ஒட்டி நிற்கும். நீராவி எஞ்சினில் ஈரம் இல்லாத இடம் எது?

ஆக, எண்ணெய்க் குவளை வைத்திருந்தவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. அவர்களிடம் அதற்கு ஒரு சொல் மட்டும் இருந்தது, சமன்பாடு இருக்கவில்லை.

ஆமணக்கும் இந்தக் கதையில் வரும். சின்ன வயதில் எங்களுக்குப் பேதிக்குக் கொடுத்து அழவைத்த அதே ஆமணக்கெண்ணெய்தான். நல்ல தடிப்பு, உலோகத்தில் விடாப்பிடியாக ஒட்டும் குணம், வெயில் நாட்டில் தாராளமாகக் கிடைக்கும். இந்திய ரெயில்களில் அது பேரிங் எண்ணெயாகப் பயன்பட்டது. இங்கிலாந்தில் 1899 இல் ரெயில்களுக்கும் பார இயந்திரங்களுக்கும் எண்ணெய் விற்கக் கம்பனி தொடங்கிய சார்ள்ஸ் வேக்பீல்ட், பிறகு தன்னுடைய புதிய எண்ணெயில் ஆமணக்கைக் கலந்தார். ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்துதான் காஸ்ட்ரோல் வந்தது.

இன்று ஒரு பழைய எஞ்சினுக்கு

உலகத்தின் பல இடங்களில் பழைய நீராவி எஞ்சின்களைத் திருத்தி மீண்டும் ஓடவிடுகிறார்கள். அவர்களுக்கு முன்னால் பழைய கேள்வி திரும்பி வந்து நிற்கிறது. கடையில் விலைகூடின புது எஞ்சின் ஒயில் இருக்கிறதே, அதை விட்டால் என்ன?

பொதுவாக அது பிழையான தெரிவு. கார் ஒயிலில் அழுக்கைத் தூக்கி வைத்திருக்கும் சேர்மானங்கள் உண்டு. காரில் பில்டர் அந்த அழுக்கைப் பிடிக்கும். நீராவி எஞ்சினின் திறந்த பேரிங்கில் பில்டர் இல்லை. எண்ணெய் ஒருமுறை போய் வெளியே ஒழுகிவிடும். அதோடு அந்தச் சேர்மானங்கள் தண்ணீரோடு சேர்ந்து பால் மாதிரிக் குழம்பும். கியர் ஒயில்கள் சிலவற்றில் உள்ள கந்தகச் சேர்மானங்கள் வெண்கலத்தையும் பித்தளையையும் தாக்கும். அதனால் அனுபவமுள்ளவர்கள் பேரிங்குகளுக்குச் சேர்மானம் குறைந்த சாதாரண கனிய எண்ணெயையே தேடுகிறார்கள். 40 பாகை செல்சியசில் பாகுத்தன்மையை அளந்து தரும் ஐஎஸ்ஓ எண்ணில் பெரும்பாலும் 100 முதல் 220 வரை; ஈரம் படும் இடமென்றால் கொஞ்சம் கொழுப்பெண்ணெய் கலந்தது. சிலிண்டர் வேறு உலகம். அங்கே 460, 680 என்று தேன் மாதிரித் தடித்த எண்ணெய், பல வேளைகளில் இன்றும் மாட்டுக் கொழுப்புக் கலந்தே வருகிறது. அதன் பிறகும் புறங்கையால் தொட்டுத்தான் பார்க்கிறார்கள்.

எங்கட தண்டவாளங்களிலும் இந்த எஞ்சின்கள் ஓடின. 1864 டிசம்பர் 27 இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் ரெயில் போனது. 1905 இல் காங்கேசன்துறைப் பாதை கொழும்போடு இணைந்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் யாரோ ஒருவர் குவளையோடு எஞ்சினுக்கு அடியில் புகுந்திருப்பார். கடுகண்ணாவை ரெயில் அருங்காட்சியகத்துக்குப் போனால் எஞ்சின்களைப் பார்க்கலாம். எந்தக் கிண்ணத்துக்கு எவ்வளவு, எந்தப் பேரிங் சூடேறும், மழை நாளில் என்ன செய்யவேணும் என்பதெல்லாம் காட்சிப் பலகையில் இருக்காது. அது ஆட்களோடு இருந்தது, ஆட்களோடே போகிறது.

டவரின் தக்கைக் கதை எங்களுக்குத் தெரிவது அவர் அதை அறிக்கையாக எழுதியதால். மக்கோயைத் தெரிவது காப்புரிமைப் பத்திரம் இருப்பதால். எழுதாதவர்கள் வரலாற்றில் இல்லை. உங்கட வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ரெயில்வேயில், தேயிலைத் தொழிற்சாலையில், அரிசி ஆலையில் வேலைசெய்த ஒரு தாத்தா இருந்தால், அடுத்தமுறை போகும்போது ஒரு கேள்வி கேளுங்கோ: "அந்த மெசினுக்கு என்ன எண்ணெய் விட்டனீங்கள், ஏன் அதை விட்டனீங்கள்?" பதிலை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ. கேள்வி சின்னன்தான். அவரிடம் அதை இதுவரை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.